கெல்லாக் சுவர் போனுக்குப் பாகம் தேடிய இரண்டு வருடங்கள்

கதவைத் திறந்தால் உள்ளே ஒரு ரேடியோ இருந்தது.

அயோவா மாநிலத்தில் ஒரு பண்ணை வீட்டு ஏலத்தில் அந்தச் சுவர் போனை 90 டாலருக்கு எடுத்திருந்தேன். ஓக் மரப் பெட்டி. முன்பக்கம் இரண்டு மணிக் கிண்ணங்கள், நீட்டிக்கொண்டிருக்கும் பேசும் பகுதி, இடது பக்கம் காதில் வைக்கும் ரிசீவரை மாட்டுவதற்கான வெறும் கொக்கி, வலது பக்கம் சுற்றுகிற கைப்பிடி. ஏலக் கூட்டத்தில் உள்ளே பார்க்க நேரமில்லை. சிகாகோவுக்கு மேற்கே இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து திறந்தபோதுதான் தெரிந்தது, யாரோ பெட்டியைக் குடைந்து ரேடியோ ஆக்கியிருக்கிறார்கள். கைப்பிடியைத் திருப்பினால் ஸ்டேஷன் மாறும். 1950களிலும் 60களிலும் இது இங்கே பரவலாக நடந்திருக்கிறது. கிராமங்களுக்கு டயல் போன் வந்த பிறகு மரப்பெட்டிகள் மலிவாகக் கிடைத்தன. வாங்கியவர்களில் பலர் உள்ளுறுப்புகளைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு, பெட்டியை வரவேற்பறை அலங்காரமாக்கினார்கள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. நூறு வருடத்துக்கு முன்னால் ஒரு பண்ணை வீட்டையும் மருத்துவரையும் இணைத்த கருவி இது. கரித்தூளும் காந்தமும் ஒரு மெல்லிய இரும்புத் தகடும் சேர்ந்து மனிதக் குரலை மைல் கணக்கில் கொண்டுபோயிருக்கின்றன. அதை மறுபடி பேசவைக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

முதல் மாதமே தவறு செய்தேன். 'பழைய சுவர் போனுக்கான ரிசீவர்' என்று ஒருவர் இணையத்தில் விற்றதை வாங்கினேன். கறுப்பாக, பளபளப்பாக, பார்க்க அப்படியே இருந்தது. கொக்கியில் மாட்டினேன். கொக்கி இறங்கவே இல்லை. பழைய ரிசீவருக்குள் கனமான நிரந்தரக் காந்தம் இருக்கும். அந்தக் கனம்தான் கொக்கியைக் கீழே இழுத்து, பேசுவதற்கான பேட்டரியைத் துண்டிக்கும். நான் வாங்கியது உள்ளே வெற்றிடமான பிளாஸ்டிக் நகல். அடுத்து, ஒரு மேக்னெட்டோ வாங்கினேன். கைப்பிடியைச் சுற்றினால் மறுமுனையில் மணியடிக்க மின்சாரம் தருகிற ஜெனரேட்டர் அது. அசல்தான், நன்றாக வேலையும் செய்தது. ஆனால் அதன் அச்சு பெட்டியின் பக்கவாட்டுத் துளையைவிட அரை அங்குலம் உயரத்தில் நின்றது. துளையைப் பெரிதாக்கிவிடலாமா என்று துளைப்பான் கையில் எடுத்த நிமிடம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. நல்லவேளை, எடுத்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே பெட்டியைக் காரில் போட்டுக்கொண்டு, பழைய போன் சேகரிப்பாளர்கள் கூடும் ஒரு கண்காட்சிக்குப் போனேன். அங்கே எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர் மேஜை போட்டிருந்தார். இளவயதில் கம்பம் ஏறி லைன் பார்த்தவர். என் பெட்டியைப் பார்த்ததும் பாகம் எதையும் எடுத்துக் காட்டவில்லை. "முதலில் வாங்குவதை நிறுத்துங்கள். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, வெறும் மரத்தை ஒரு நாள் முழுக்கப் பாருங்கள். என்னென்ன தொலைந்தது என்று அதுவே சொல்லும்" என்றார்.

இந்த வேலையில் நான் கற்றவற்றிலேயே மதிப்புள்ளது இதுதான், ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஓக் மரத்தில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகம். அதில் இரும்பு பட்டு ஈரமும் சேர்ந்தால் மரம் நீலக்கறுப்பாகக் கறைபடும். பழைய எழுத்து மை செய்ததும் இதே வேதியியலில்தான். அதனால் இரும்பு ஸ்க்ரூ நூறு வருடம் இருந்த துளையைச் சுற்றி ஒரு கறுப்பு வளையம் இருக்கும். ரேடியோவுக்காகப் போட்ட துளைக்குள் மரம் வெளிறிப் புதிதாகத் தெரியும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்து, கறுத்த துளைகளை மட்டும் ஒரு டிரேசிங் தாளில் குறித்தேன். பெட்டியின் அடியில் நான்கு துளைகள் ஒரு செவ்வகமாக வந்தன. அதுதான் மேக்னெட்டோ உட்கார்ந்த இடம். அதைச் சுற்றி வார்னிஷ் மங்காத ஒரு நிழலும் இருந்தது. நிழலின் நீளம் எத்தனை காந்தங்கள் என்பதைச் சொல்லும், ஏனென்றால் மேக்னெட்டோவில் குதிரை லாட வடிவக் காந்தங்களை வரிசையாக அடுக்கியிருப்பார்கள். மூன்று, நான்கு, ஐந்து என்று எண்ணிக்கை மாறும். காந்தம் கூடினால் நீளமும் கூடும். என் பெட்டியின் நிழல் ஐந்துக்குச் சரியாக இருந்தது. அடிப்பலகையிலிருந்து கைப்பிடித் துளையின் மையம் எவ்வளவு உயரம் என்பதையும் அளந்து அதே தாளில் எழுதினேன். நான் முதலில் வாங்கியது மூன்று காந்த மேக்னெட்டோ, அதுவும் வேறு கம்பெனி. தாளை முன்பே தயார் செய்திருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும்.

அடுத்தது, பெட்டி யாருடையது என்ற கேள்வி. அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் அடிப்படைத் தொலைபேசிக் காப்புரிமைகள் 1893, 1894-இல் காலாவதியானதும் அமெரிக்காவில் தொலைபேசி செய்யும் கம்பெனிகள் புற்றீசல் போலக் கிளம்பின. ஸ்ட்ரோம்பெர்க்-கார்ல்சன் 1894-இல் தொடங்கியது, கெல்லாக் 1897-இல். இரண்டுமே சிகாகோவில். மறுபக்கம் பெல் குழுமத்துக்குச் சொந்தமான வெஸ்டர்ன் எலக்ட்ரிக். வெளியே பார்த்தால் எல்லாப் பெட்டியும் ஒன்றுபோலவே இருக்கும். உள்ளே ஒருவர் ஸ்க்ரூ அடுத்தவர் துளைக்குப் பொருந்தாது. என் போனின் டிரான்ஸ்மிட்டரில், அதாவது வாய் வைத்துப் பேசும் பகுதியில், வெஸ்டர்ன் எலக்ட்ரிக் என்று பொறித்திருந்தது. அதை வைத்து வெஸ்டர்ன் எலக்ட்ரிக் பாகங்களைத் தேட ஆரம்பித்திருந்தேன். பெரியவர்தான் நிறுத்தினார். டிரான்ஸ்மிட்டர் எளிதில் கழற்றி மாட்டக்கூடியது, அதை நம்பிப் பெட்டியின் பெயரைச் சொல்லாதீர்கள், பெட்டியோடு பிறந்த பாகத்தைப் பாருங்கள் என்றார். கதவின் உட்பக்கம் மணியை அடிக்கும் காயில்கள் மட்டும் தப்பியிருந்தன, ரேடியோக்காரருக்கு அவை இடைஞ்சலாக இல்லை போலும். அவற்றின் இரும்புச் சட்டத்தில் தூசியைத் துடைத்தால் கெல்லாக் என்ற எழுத்து.

கம்பெனி தெரிந்த பிறகு பாதை தெளிவானது. டெலிஃபோன் கலெக்டர்ஸ் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு பழைய கம்பெனிகளின் விற்பனைப் பட்டியல்களையும் வயரிங் படங்களையும் ஸ்கேன் செய்து இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. அதைவிடப் பழைய ஆன்டிக் டெலிஃபோன் கலெக்டர்ஸ் அசோசியேஷன் என்ற சங்கமும் உண்டு. கெல்லாக் பட்டியல்களில் என் பெட்டியின் அளவுக்கும் துளைகளுக்கும் ஒத்துவரும் படத்தைக் கண்டுபிடிக்க மூன்று இரவுகள் ஆயின. பாகங்களில் பொறித்திருக்கும் காப்புரிமைத் தேதியைப் பலர் தயாரித்த தேதி என்று நினைத்துவிடுகிறார்கள். 1901 என்று போட்டிருந்தால் அது 1901-க்கு முன்னால் செய்ததில்லை என்று மட்டும்தான் பொருள். அதே முத்திரையோடு பல வருடம் வார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

மணிக் காயில்களின் மின்தடையை மல்டிமீட்டரில் அளந்தேன். இரண்டும் சேர்ந்து 1570 ஓம் காட்டியது. பட்டியலில் 1600 ஓம் மணி என்று இருந்தது, சரியாகப் போயிற்று. இந்த எண் முக்கியமானது. கிராமத்தில் ஒரே கம்பியில் பத்துப் பதினைந்து வீடுகள் இருக்கும். எல்லா மணிகளும் அந்தக் கம்பியில் இணையாக நிற்கும். தடை குறைவான மணியாக இருந்தால் முதல் வீடே மின்சாரம் எல்லாவற்றையும் குடித்துவிடும். அதனால் 1000, 1600, 2500 ஓம் என்று உயர்ந்த தடையுள்ள மணிகளைப் போட்டார்கள். தொடர் இணைப்பில் ஓடிய இன்னும் பழைய லைன்களுக்கு 80 ஓம் மணி. அந்த லைனுக்கான மேக்னெட்டோவும் வேறு. மணியும் மேக்னெட்டோவும் ஒரே வகை லைனைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும். பேரம் பேசும்போது விற்பவர் இதைச் சொல்லமாட்டார், பெரும்பாலும் அவருக்கே தெரியாது.

மேக்னெட்டோ கிடைக்க ஒன்பது மாதம் ஆனது. இன்னொரு கண்காட்சியில், மேஜைக்கு அடியில் ஒரு மரப்பெட்டி நிறையக் கிடந்த துருப்பிடித்த இரும்புகளுக்கு நடுவே கிடைத்தது. டிரேசிங் தாளைத் தரையில் விரித்து அதன்மேல் வைத்தேன். நான்கு துளைகளும் பொருந்தின. அப்படியே உட்கார்ந்துவிட்டேன், அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் துளை பொருந்தினால் மட்டும் போதாது. வாங்குமுன் செய்யவேண்டிய சோதனை எளிது. கைப்பிடியைச் சும்மா சுற்றினால் லேசாக ஓட வேண்டும். வெளிவரும் இரண்டு முனைகளையும் ஒரு கம்பியால் குறுக்கே இணைத்துவிட்டுச் சுற்றினால் கை பாரமாக உணர வேண்டும். பாரம் தெரியவில்லை என்றால் காந்தம் செத்துவிட்டது, அல்லது உள்ளே சுற்று அறுந்திருக்கிறது. அப்புறம், சுற்ற ஆரம்பித்ததும் அச்சு நீளவாக்கில் சற்று நகர்ந்து ஒரு பித்தளை ஸ்பிரிங்கைத் தொடும். சுற்றும்போது மட்டும் மேக்னெட்டோ லைனில் சேரவும், மற்ற நேரம் விலகி நிற்கவும் அந்த அசைவுதான் காரணம். அந்த ஸ்பிரிங் உடைந்த மேக்னெட்டோக்கள் நிறையச் சுற்றிவருகின்றன. விலை பாதி என்றாலும் வேண்டாம். சோதிக்கும்போது முனைகளை விரலால் தொடாதீர்கள். வேகமாகச் சுற்றினால் 75 வோல்ட்டுக்கு மேலேயே போகும், நன்றாக உதறும்.

சுத்தம் செய்யும் ஆசையில் காந்தங்களைக் கழற்றவும் வேண்டாம். கழற்றினால் அவற்றின் வலு குறையும். திருப்பி மாட்டும்போது ஒரு காந்தம் தலைகீழாகப் போனாலே பக்கத்துக் காந்தத்தின் வேலையை அது கெடுத்துவிடும். எல்லா வடமுனைகளும் ஒரே பக்கம் இருக்க வேண்டும். நான் தூரிகையால் தூசி தட்டி, தாங்கிகளில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டதோடு சரி.

ரிசீவரைத் தேடும்போது கை, காது, மூக்கு மூன்றும் வேலை செய்ய வேண்டும். அந்தக் கால ரிசீவர் ஓடுகள் கடினரப்பரால் ஆனவை, பின்னால் பேக்கலைட் என்ற பழைய பிளாஸ்டிக்கும் வந்தது. கட்டைவிரலால் சூடு ஏறும்வரை தேய்த்து மோந்து பார்த்தால் கடினரப்பரில் கந்தக வாடை வரும். வெயில் பட்டுப் பட்டு அது பழுப்பும் பச்சையும் கலந்த நிறமாகியிருக்கும். அப்படி நிறம் மாறியதைக் கண்டு முகம் சுளிக்காதீர்கள், அது அசல் என்பதற்கான சாட்சி. கழுவுகிறேன் என்று வெந்நீரில் மட்டும் போட்டுவிடாதீர்கள், இன்னும் பழுப்பாகிவிடும். பிறகு காதுமூடியைத் திருகித் திறந்து தகட்டை விளிம்பில் நகர்த்திப் பாருங்கள். காந்தம் உயிரோடு இருந்தால் விடாமல் பிடித்திருக்கும். ஒன்றரை வோல்ட் பேட்டரியைத் தொட்டுத் தொட்டு எடுத்தால் காதில் 'டிக்' கேட்க வேண்டும். கெல்லாக் முத்திரையோடு, இந்தச் சோதனை எல்லாவற்றிலும் தேறிய ஒன்று ஒஹாயோவிலிருந்து வந்தது. ஓட்டில் மயிரிழை விரிசல் ஒன்று இருக்கிறது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கொக்கியில் மாட்டியதும் 'டக்' என்று கொக்கி இறங்கியது.

சரி, அந்த வெஸ்டர்ன் எலக்ட்ரிக் டிரான்ஸ்மிட்டரை என்ன செய்வது? இதில் ஒரு மாதம் அல்லாடினேன். பட்டியல்படி கெல்லாக் டிரான்ஸ்மிட்டர்தான் இருக்க வேண்டும். ஒன்று விலைக்கும் வந்தது. ஆனால் கதவிலிருந்து வெஸ்டர்ன் எலக்ட்ரிக் டிரான்ஸ்மிட்டரின் அடித்தட்டைக் கழற்றியபோது, அடியில் இருந்த வார்னிஷ் மற்ற இடத்தைவிட மிகவும் தெளிவாக, அதே அளவு வட்டமாக இருந்தது. அதற்கு வரும் கம்பியும் மெழுகு பூசிய பழைய துணியுறைக் கம்பி. ரேடியோ ஆக்கியவர் அதை மாட்டவில்லை. அதற்குப் பல வருடம் முன்பே, போன் சுவரில் வேலை செய்துகொண்டிருந்த காலத்திலேயே, கிராமத்து லைன்மேன் கையில் இருந்ததைப் போட்டுப் பழுது பார்த்திருக்கிறார். பண்ணைக்காரருக்குக் குரல் கேட்டால் போதும், யார் முத்திரை என்பது பொருட்டில்லை. சில சேகரிப்பாளர்கள் இதை ஒத்துக்கொள்ளமாட்டார்கள், தொழிற்சாலையை விட்டு வந்த நிலைக்கே கொண்டுபோக வேண்டும் என்பார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. ரேடியோ, பெட்டியின் வேலையைக் கெடுத்தது, அதை எடுத்தேன். லைன்மேன் மாற்றிய டிரான்ஸ்மிட்டர் அந்த வேலையைத் தொடரவைத்தது, அது இருக்கட்டும். உள்ளே கரித்துகள் இறுகிப் போயிருந்ததால் குரல் மங்கலாக வந்தது. அதைத் திறக்காமல், செங்குத்தாகப் பிடித்து விளிம்பில் மெல்லத் தட்டித் தட்டியே துகள்களை இளக்கினேன்.

அந்த டிரான்ஸ்மிட்டரின் முன்னால் திருகும் வாய்க்குழலான மவுத்பீஸ் ஒன்றும் வாங்கினேன். அது கெல்லாக் வகை, மரை கடிக்கவில்லை. சரியான ஒன்று 12 டாலருக்குக் கிடைத்தது. சின்னச் சாமானுக்கும் கம்பெனி பார்த்தே வாங்க வேண்டும்.

எல்லாமே அசலாக இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. ரிசீவர் கயிறு புதிது, பழைய பாணியில் பழுப்புப் பருத்தி நூலால் பின்னியது. அசல் கயிற்றுக்குள் நூல்மேல் சுற்றிய மெல்லிய செப்புநாடா இருக்கும். நூல் மட்கி, நாடா அங்கங்கே அறுந்து, பேசும்போது கரகரவென்று சத்தம் வரும். பழைய கயிற்றை ஒரு உறையில் போட்டுப் பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கிறேன். அதுபோலப் பேசுவதற்கு அந்தக் காலத்தில் இரண்டு பெரிய 6-ஆம் எண் உலர் மின்கலங்கள் வைப்பார்கள், ஒவ்வொன்றும் ஒன்றரை வோல்ட். இப்போது இரண்டு சாதாரண டி பேட்டரிகளை அட்டைக் குழாய்க்குள் வைத்தால் அதே மூன்று வோல்ட்.

ஸ்க்ரூவில் மட்டும் நான் கறாராக இருந்தேன். கூட்டல் குறித் தலை கொண்ட பிலிப்ஸ் ஸ்க்ரூவின் காப்புரிமையே 1936-இல்தான் வந்தது. மரப்பெட்டிப் போனில் அது தெரிந்தால் பின்னால் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வாங்கும்போது முதலில் பார்க்கவேண்டிய அடையாளமும் அதுதான். ஒற்றைக் கோடு போட்ட பழைய ஸ்க்ரூக்களைப் பழைய மரச்சாமான் கடையில் டப்பாவோடு வாங்கினேன். உலோகப் பாகங்களின் நிறத்தையும் பாருங்கள். அந்தக் கால முலாம் நிக்கல், லேசான மஞ்சள் சாயலில் வெதுவெதுப்பாக இருக்கும். நீலம் பாய்ந்த கண்ணாடிப் பளபளப்பு என்றால் அது குரோம், பிற்காலத்தது. நிக்கலை உரசித் தள்ளிவிட்டு அடியில் இருக்கும் பித்தளையைத் தங்கம் போல மினுக்கி விற்கிறவர்களும் உண்டு. கண்ணுக்கு அழகுதான், ஆனால் அந்தப் போன் எந்த வீட்டிலும் அப்படி இருந்ததில்லை.

கீல்களை மறந்துவிடக் கூடாது. இதை நான் எங்கும் படித்திருக்கவில்லை. எல்லாம் மாட்டியும் மணி அடிக்காமல் இரண்டு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். கதவில் இருக்கும் மணிக்கும் பெட்டிக்குள் இருக்கும் மேக்னெட்டோவுக்கும் நடுவே தனிக் கம்பி கிடையாது. மின்சாரம் இரண்டு கீல்கள் வழியாகத்தான் போகிறது. மேல் கீலின் இரண்டு இலைகளிலும் கம்பி பற்றவைத்த தடம் இருந்தது. ரேடியோக்காரர் கீழ்க் கீலை மாற்றியிருந்தார், அதில் வண்ணம் வேறு பூசியிருந்தார், அங்கேதான் மின்சாரம் நின்றுபோனது. அசல் கீல் ஒன்றை, உருப்படியாகாத ஒரு கெல்லாக் பெட்டியிலிருந்து எடுத்தேன். அப்படி மரம் பிளந்து, சீர்செய்ய முடியாத நிலையில் இருக்கும் பெட்டிகளைக் குறைந்த விலைக்கு வாங்கி வைத்துக்கொள்வது, பாகங்களைத் தனித்தனியே வாங்குவதைவிட லாபம். ஆனால் முழுசாக இருக்கும் போனைப் பாகத்துக்காக உடைக்காதீர்கள். அப்படி உடைத்து விற்கிறவரிடம் நான் வாங்குவதும் இல்லை.

இதை வீட்டு இணைய லைனில் கொண்டுபோய் மாட்டிக் கைப்பிடியைச் சுற்றிவிடாதீர்கள். அந்த வோல்ட்டேஜ் மோடத்தைச் சாகடித்துவிடும். நான் இன்னொரு பழைய மேக்னெட்டோ போனைக் கீழ்த்தளத்தில் வைத்து, இரண்டுக்கும் நடுவே இரண்டு கம்பி இழுத்தேன். போன மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை, என் மகள் கீழே போய்க் கைப்பிடியைச் சுற்றினாள். இரண்டு நீளம், ஒரு குட்டை. பண்ணைக் கம்பிகளில் ஒவ்வொரு வீட்டுக்கும் இப்படி ஒரு தாளம் இருந்தது என்று அவளிடம் சொல்லியிருந்தேன். மேலே மணி அடித்தது. ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தேன். "அப்பா, கேக்குதா?" கரகரப்பு இருந்தது, தூரத்தில் இருந்து வருவது போல இருந்தது, ஆனால் ஒவ்வொரு எழுத்தும் கேட்டது.

மணிக் கிண்ணங்களில் வலது பக்கத்தது இன்னும் சரியில்லை. அசலில் இரண்டுக்கும் சுருதி சற்று வேறுபடும், அதனால்தான் அந்த இரட்டை நாதம். என்னுடையதில் இரண்டும் ஒரே சுருதியில் ஒலிக்கின்றன, ஒன்று வேறு பெட்டியிலிருந்து வந்தது போல. விட்டத்தையும் நடுத்துளையையும் அளந்து தாளில் எழுதிவிட்டேன். அடுத்த கண்காட்சிக்கு அந்தத் தாளோடு இடது பக்கக் கிண்ணத்தையும் கழற்றி எடுத்துப்போகிறேன். பக்கத்தில் வைத்துத் தட்டிப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.